பையின் அடியில் இருந்த பட்டை

நான் ராணுவத்தில் மருத்துவ உதவியாளன். காயம்பட்டவர்களுக்கான பையை அடுக்குவதில் கெட்டிக்காரன் என்ற கர்வம் எனக்கு உண்டு. விடுப்பிலும் அப்படியொரு பை என் பைக்கில் இருக்கும்.

ஒருநாள் ஆம்பூர் அருகே லாரி மோதித் தொடை கிழிந்து கிடந்தார் ஒருவர். ரத்தம் பீறிட்டது. காலை இறுக்கிக் கட்டும் பட்டையை நான் பையின் அடியில் திணித்திருந்தேன். எல்லாவற்றையும் ரோட்டில் கொட்டித் தேடினேன்.

ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து ஓடிவந்த ஒரு பெண், துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தை அழுத்திப் பிடித்தாள்.

"பதறாம தேடுங்கண்ணா, நான் கைய எடுக்க மாட்டேன்."

பட்டை கிடைத்தது. கட்டியதும் ரத்தம் நின்றது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அடிபட்டவர், "உங்களாலதான் சார் பொழச்சேன்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"என்னால இல்லீங்க" என்று, பட்டையை அடியில் திணித்திருந்ததையும் அந்தப் பெண் காயத்தை அழுத்திப் பிடித்திருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். சொன்னபிறகு மனசு இன்னும் லேசானது.