முகத்துவாரம் வெட்டிய ஞாயிறு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் மண்கட்டு மேல் ஏறிக் கிழக்கே நடந்தால் வயல் முடியும், கடலோரத்து உவர்நீர்க் களப்பு வரும், களப்பையும் கடலையும் பிரிக்கிற மணல் திட்டோடு பாதை நின்றுவிடும். பெரிய தூரமில்லை. நானும் அக்காவும் நடந்தால் மட்டும் ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடும். அவள் கொக்கைப் பார்த்து நிற்பாள். நான் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்து நிற்பேன்.

மழைக்காலத்தில் களப்பு நிரம்பி வயலுக்குள் ஏறும்போது ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு போய் அந்தத் திட்டில் தண்ணீர் ஓட ஒரு சின்னக் கான் வெட்டிவிடுவார்கள். முகத்துவாரம் வெட்டுவது என்று சொல்வது அதைத்தான். முதலில் கால் நனைகிற அளவு தண்ணீர் கடலுக்குப் போகும். பிறகு தண்ணீரே மணலை அரித்து அரித்துப் பெரிய ஆறாகிவிடும். சின்ன வயதில் பெண்பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள். கலியாணம் முடித்து மன்னாருக்குப் போன அக்கா மழை நாளில் இங்கே வந்து நின்றதில்லை. அதனால் அவள் அதைக் கண்டதே இல்லை.

போன வருடம் கனடாவில் இருக்கிற மகனிடம் ஒரேயடியாகப் போவதற்கு முன்பு என்னோடு வந்து தங்கினாள். புதன்கிழமை பிளேன். ஞாயிறு பின்னேரம் முகத்துவாரம் வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், “இதையாவது பாத்திட்டுப் போறனடி” என்றாள்.

வெளிக்கிட்டோம். கட்டு சேறாக இருந்தது. வழுக்கி விழுந்து அவள் காலை முறித்துக்கொண்டால் பிளேன் என்னாவது என்று அவள் கையை விடாமல் பிடித்திருந்தேன். காஸ் அடுப்பை நிறுத்தினேனா என்ற யோசனையும் கூடவே வந்தது.

அப்போது பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கிற தம்பி வீச்சுவலையை முன்னால் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து நிறுத்தினான்.

“எங்கையக்கா, ரெண்டு பேரும் எங்க போறியள்?”

வெளிக்கிட்டுப் போகிறவர்களை எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டே ஆகவேண்டுமென்றால் “தூரவோ?” என்போம். எங்கே என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் சரிவராது. வீட்டுக்குத் திரும்பி, கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும்.

“வாக்கா, திரும்புவம்.”

“உனக்கென்ன விசரே? சம்பந்தம் பேசவே போறம்? தண்ணி பாக்கத்தானே.”

“நீ புதன்கிழமை பிளேன் ஏறப் போறாய். எனக்கு ஏலாதக்கா, வா.”

அவள் கடல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு என்னோடு திரும்பினாள். பின்னாலிருந்து அவன் ஏதோ கத்தினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் கதிரையில் இருந்தோம். தண்ணீர் குடித்தோம். வந்ததோடு வந்ததென்று குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தேன். நிறுத்தித்தான் இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றவேயில்லை.

நாங்கள் மறுபடி வெளிக்கிட்டுப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். திட்டைக் காணவில்லை. மண்ணிறத் தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குள் போனது. அந்தத் தம்பி கரையில் நின்றான்.

“என்னக்கா நீங்கள்! முகத்துவாரத்துக்கு எண்டா ஏறுங்கோ, வெட்டத் தொடங்கீட்டாங்கள், ஒராள் ஒராளாக் கொண்டுபோய் விடுறன் எண்டு சொல்லத்தானே கேட்டனான். நான் கூப்பிடக் கூப்பிட ஓடுறியள்.”

“இவள் பள்ளிக்கூடத்தாலயும் இப்பிடித்தான் தம்பி ஓடி வந்தவள்” என்று அக்கா சிரித்தாள். எட்டாம் வகுப்போடு நான் நின்றதை அவள் ஒருநாளும் விடமாட்டாள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு அவனிடம் மெல்லக் கேட்டாள். “தொடங்கேக்க எப்பிடி இருந்தது?”

அவன் கால் பெருவிரலால் ஈரமணலில் ஒரு கோடு கீறினான். “இவ்வளவுதான். பிறகு டக்கெண்டு உடைச்சிட்டுது.”

ஆறு அத்தனை பெரிதாக ஓட, அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது.

இந்த வருடம் மழை காணாது. களப்பு இன்னும் நிரம்பவில்லை. ஆனாலும் ஞாயிறு பின்னேரங்களில் வாய்க்கால் கட்டில் நடக்கிறேன். அந்தத் தம்பி கண்டால் தூரத்திலேயே பிரேக் அடித்து, “தூரவோ அக்கா?” என்று வலு கவனமாகக் கேட்கிறான்.

போன ஞாயிறு நடந்துகொண்டிருக்கும்போது அக்கா போன் எடுத்தாள். அங்கே விடியற்காலை.

“வெட்டிட்டாங்களோ?”

“இல்லையக்கா. வெட்டினா வீடியோவில காட்டுறன். போன் தண்ணிக்குள்ள விழுந்திடுமோ எண்டுதான் பயம்.”

“வாய்க்கால் கட்டிலயே நிக்கிறாய்?”

“ஓம்.”

பிறகு, வேண்டுமென்றே, “எங்க போறாய்?” என்று கேட்டாள்.

கால் ஒருதரம் நின்றது.

“முகத்துவாரத்துக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.