கழற்றிய பிளக்

பெட்ரோலும் வெட்டிய புல்லும் கலந்த வாடை வந்தாலே உழவர்கரையில் எங்கள் வீட்டு முற்றம் நினைவுக்கு வரும். மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா, ஒருநாள் அங்கே சர்ச் தோட்டத்துப் புல்வெட்டும் இயந்திரத்தைச் சாய்த்துவைத்துக் கத்தியை அரத்தால் தீட்ட உட்கார்ந்தார்.

"உள்ள கைய வுடாதீங்க," என்றாள் அம்மா.

"சுவிட்ச அணைச்சுட்டேன்டி. மில்லுல பெல்ட்ட கழட்டிட்டா தறி செத்த பாம்பு. இதுவும் அப்படித்தான்."

மறுமுனையைத் தீட்டக் கத்தியைக் கையால் திருப்பினார். கூடவே எஞ்சினும் திரும்பி, பழுதான சுவிட்சை மீறிப் பொறி தட்டி, ஒரே ஒரு முறை உதைத்தது. ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று.

இன்று நான் வேலை பார்க்கும் பட்டறையில் அதே மாதிரி இயந்திரம். விரிசல் விட்ட கத்தியை மாற்ற வேண்டும்.

"சுவிட்ச் ஆஃப்லதான் கீது மேடம். இன்னும் என்னா பயம்?" என்று சிரித்தார் மேஸ்திரி.

எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தடித்த கையுறையை மாட்டினேன்.

"எனக்குப் பத்து விரலும் வேணும் அண்ணே. இப்ப ஸ்பேனர குடுங்க."