அம்மாவின் அட்டையில் இருந்த வயது

என் வேனுக்கு இருக்கிற காகிதம் என் அம்மாவுக்கு இல்லை. செம்மேட்டு டீக்கடையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் ஒன்றிரண்டு முறை கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது.

மலைமேல், ஆலத்தூர் நாடு என்று சொல்கிற ஊர்க்கூட்டத்தில் எங்கள் ஊர். பல வருடம் வடக்கே லாரி ஓட்டிவிட்டு, சொந்தமாக ஒரு வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறேன். பழமோ மிளகு மூட்டையோ கல்யாண வீட்டு ஆட்களோ, எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதுதான் பிழைப்பு. மூன்று வருடம் முன்பு எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து காசிக்கும், அப்படியே நேபாளத்துக்கும் போய்வர வேண்டும் என்று வந்தார்கள். லாரி ஓட்டிய காலத்து இந்தி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததால் நானே ஓட்டுவதென்று ஆயிற்று. என் மனைவியும் அம்மாவும் கூட வந்தார்கள்.

உண்மையில் அந்தப் பயணத்தை முதலில் கேட்டது அம்மாதான். எதையும் வாய்விட்டுக் கேட்காதவள். பசுபதிநாதர் கோயிலுக்கு மட்டும் போக வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு தூரம் எதுக்கும்மா? இங்க அறப்பளீஸ்வரர் இருக்காரு, அவரு போதாதா?" என்று கேட்டேன்.

"அங்க ஆத்தோரமா வெளக்குப் போட்டா, போனவங்களுக்குப் போய்ச் சேருமாம் சாமி. காலு இருக்கறப்பவே ஒருக்கா கூட்டிட்டுப் போயிரு."

அப்பாவுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறிய கால்கள் அவளுடையவை. அப்போதே பஸ் படி ஏற ஆள் கைபிடிக்க வேண்டியிருந்தது. இன்னொரு வருடம் தள்ளிப்போட்டால் நடக்காது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வேனுக்கு ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று, பெர்மிட், என் லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டேன். ஆட்களுக்கு வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எங்கள் மலையில் எவன் போனான்? எல்லோரும் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் அட்டையை வாங்கிப் பார்த்தால் அதில் அம்மா இல்லை. மூக்குத்தி போட்ட யாரோ ஒரு பெண் இருந்தாள். எங்கள் ஊரிலேயே அவளை யாருக்கும் தெரியவில்லை. அந்த அட்டையோடு அம்மா எத்தனையோ தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறாள். எங்கள் சாவடியில் அட்டையை யார் பார்க்கிறார்கள், ஆளைத்தான் பார்க்கிறார்கள்.

பயணம் ஏற்பாடு செய்து பழகிய ஒருவரிடம் கேட்டேன். அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஆதார் அட்டையே போதும், கவலைப்படாதே என்றார். விதியும் அப்படித்தான் இருந்தது. அம்மாவைப் பார்த்தால் எழுபதுக்குக் குறைத்து யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் ஆதாரை வாங்கி உறையில் வைத்ததோடு சரி. பெற்றவளின் வயதை அட்டையில் எவன் சரிபார்க்கிறான்?

கோரக்பூரைத் தாண்டி எல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். சில நாட்களில் ஆட்களைக் கேட்கவே மாட்டார்களாம், கை காட்டி அனுப்பிவிடுவார்களாம். எங்கள் நேரம், அன்றைக்கு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். வேனுக்கு ஒரு தகராறும் இல்லை. பன்சார் என்று அங்கே சொல்கிற சுங்கச் சீட்டை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பேரும், என் மனைவியும் தேறிவிட்டார்கள். அம்மாவின் ஆதாரைப் பார்த்த அதிகாரி திரும்பக் கொடுத்தார். வயது அறுபத்திரண்டுதான் ஆகிறது, இது செல்லாது என்றார்.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அவரோ அம்மாவுக்கு உட்கார நாற்காலி போடச் சொன்னார். வேறு அட்டை இருக்கிறதா என்று கேட்டார். மூக்குத்திக்காரியின் அட்டையை நீட்டினேன். படத்தையும் அம்மாவையும் பார்த்துவிட்டு அதையும் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் முழுக்க அம்மா மேல் திரும்பியது.

"ஏம்மா, ஆதார் எடுக்கறப்ப என்ன வயசு சொன்னே?"

"எனக்கென்ன தெரியும் கண்ணு? செம்மேட்டுல அந்தத் தம்பி கேட்டுச்சு, தெரியலீங்கன்னேன். மூத்தவனுக்கு என்ன வயசுன்னு கேட்டுச்சு. உன் வயசச் சொன்னேன். அதுகூடப் பதினெட்டச் சேத்துப் போட்டுக்கிச்சு."

"அப்ப நான் பொறந்தப்ப உனக்குப் பதினெட்டு இல்லையா?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"உனக்கு முன்னால ரெண்டு இருந்துச்சு சாமி."

நாற்பத்து நான்கு வயதில், இரண்டு நாட்டுக்கு நடுவில், லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான் மூத்தவன் இல்லை என்று தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கம் செத்த பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இருப்பதைத்தான் சொல்வார்கள். போனதைப் பேசினால் இருப்பதற்கு ஆகாது என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் அம்மா அன்றைக்கு ஆதார் எடுத்த முகாமிலும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தி டயருக்கும் டீசலுக்கும் போதும். இதற்குப் போதவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்துவிட்டார்கள், அந்த வருடங்கள் அட்டையில் விட்டுப்போய்விட்டன என்று எப்படியோ உடைத்து உடைத்துச் சொன்னேன். அவர், அந்தப் பிள்ளைகள் பிறந்ததற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்.

கேட்டதில் தப்பில்லை. அவர் வேலை அது. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பத்துப் பேர் வேனில் காத்திருந்தார்கள். சுங்கச் சீட்டில் இருந்தது என் பெயர், நான்தான் ஓட்ட வேண்டும். அம்மாவை எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சத்திரத்தில் விட்டு, துணைக்கு மனைவியை வைத்துவிட்டுப் போவதென்று முடிவாயிற்று. முடிவு செய்ததும் அம்மாதான். அழவில்லை. அழுதிருந்தால் நான் வண்டியைத் திருப்பியிருப்பேன்.

"நீ போய்ட்டு வா கண்ணு. ரெண்டு வெளக்குப் போட்டுரு. அதுக்குத்தான் வந்தது."

"அப்பாவுக்கு இல்லையா?"

"உங்கப்பனுக்குத்தான் வருசா வருசம் நீங்க எல்லாம் செய்றீங்களே. அதுகளுக்கு யாரு இருக்கா?"

பெயர் கேட்டேன். முதலாவது பெண்ணாம். பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. இரண்டாவது பையன். நடக்க ஆரம்பித்திருந்தான், காய்ச்சல் வந்தது, செம்மேட்டுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போதே அடங்கிவிட்டான்.

"அவனுக்குப் பேரு வெச்சிருந்தோம். அதைத்தான் உனக்கு வெச்சது."

மறுபடியும் வரிசையில் வண்டியை நிறுத்தினேன். அதே அதிகாரி என் லைசென்ஸை வாங்கி, பெயரை ஒருமுறை உரக்கப் படித்தார். முகத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, போகலாம் என்றார். இவ்வளவு நாளும் என்னுடையது என்று நினைத்திருந்த பெயரோடு எல்லையைத் தாண்டினேன்.

கோயிலில் ஆற்றங்கரைக்கு இறங்கி இரண்டு விளக்கு வாங்கினேன். அங்கிருந்த பூசாரி பெயர் கேட்டார். முதல் விளக்குக்குப் பெயர் இல்லை என்றேன். இரண்டாவதுக்கு என் பெயரைச் சொன்னேன். எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்து, நீண்ட ஆயுசோடு இரு என்றார். திருத்திச் சொல்ல எனக்கு இந்தி வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஊர் திரும்பியதும் ஆதாரில் வயதைத் திருத்தக் கேட்டுப் பார்த்தேன். பிறந்ததற்குச் சான்று கொண்டுவா என்றார்கள். விட்டுவிட்டேன். இந்த வருடம் அட்டைப்படி அம்மாவுக்கு அறுபத்தைந்து முடிந்துவிட்டது. இனி அந்த அட்டையை நீட்டினால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அம்மா இப்போது கட்டிலைவிட்டு வாசல் வரைக்கும் வருவதே பெரிய பாடு.

நேபாளத்திலிருந்து நாங்கள் திரும்பி வந்த அன்றைக்கு, அம்மா சத்திரத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். எங்கள் வேன் நிற்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"வெளக்குப் போட்டியா சாமி?"

"போட்டேம்மா."

"அவன் பேரைச் சொல்லித்தான போட்டே? பூசாரி என்ன சொன்னாரு?"

"நீண்ட ஆயுசுன்னு சொன்னாரும்மா."

அம்மா அப்போதுதான் அழுதாள்.