ருவான்வெல்லையிலிருந்து மைக் வரை

2007ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. ருவான்வெல்லை பஸ் நிலையத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். மற்ற நாட்களில் அந்த நேரத்துக்குப் பால்வெட்டுக் கத்தியோடு இறப்பர் மலையில் ஏறிக்கொண்டிருப்பேன். அன்று கொழும்பில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிக்கு ஆள் தெரிவு செய்தார்கள். அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று சோடியாகப் போய்ப் பாட வேண்டும். நானும் தம்பி ரவியும் போவதென்று முடிவு.

போவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சவுண்ட் செட் மாரிமுத்து அண்ணனுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கோயில் திருவிழாவானாலும் கல்யாணமானாலும் மைக் அவருடையது. சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், ஒரு தடவைகூடத் தந்ததில்லை. "ஒனக்கெதுக்கு லெட்சுமி மைக்கு? நீ வாயத் தொறந்தா அடுத்த தோட்டத்துக்கே கேக்கும். என் ஸ்பீக்கர் பெட்டிதான் கிழிஞ்சு போகும்" என்பார். சனம் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். என் குரல் மைக்குக்கு ஆகுமா, ஆகாதா? கொழும்பிலும் ஆகாது என்று சொல்லிவிட்டால் இனிமேல் நாலு பேர் முன்னால் பாடுவதில்லை என்று அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

வரக்காப்பொல வரை டிக்கெட் இருபத்தாறு ரூபா. இரண்டு பக்கமும் இறப்பர், நடுநடுவே வயல், ஒவ்வொரு வளைவிலும் பிரேக். கொண்டக்டர் என் சேலையைப் பார்த்துவிட்டுக் கல்யாணமா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம், எனக்குத்தான் என்றேன். மனுஷன் மிச்சக் காசைச் சில்லறையாகப் பொறுக்கித் தந்து வாழ்த்தும் சொன்னார்.

ஆறரைக்கு வரக்காப்பொல. ரவி அங்கே ஒரு முஸ்லிம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். புதுச் சட்டையோடு பஸ் ஹோல்ட்டில் நின்றான். அந்த ஊருக்குப் போய்த் தலகுளி தின்னாமல் வரக்கூடாது. எள்ளையும் வெல்லத்தையும் இடித்துப் பிடித்துத் தாளில் சுற்றியிருப்பார்கள். நாலு வாங்கினேன்.

"பாடப் போற நேரத்துல எள்ளு திங்கிறியே, தொண்டையில ஒட்டிக்கப் போவுதுக்கா."

"ஒட்டுனா ஒட்டட்டும்டா. வெறும் வயித்துல பாட்டு வராது. மொதலாளி லீவு குடுத்தாரா?"

"குடுத்தாரு. டிவில வந்தா கடைப் பேரச் சொல்லணுமாம்."

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கொழும்பு ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். நிட்டம்புவ வரை ஒற்றைக் காலில் நின்றேன், அதற்குப் பிறகுதான் இரண்டாவது காலுக்கு இடம் கிடைத்தது. யுத்த காலம், களனிப் பாலத்துக்கு முன்னால் ஆமி செக்பொயின்ட். எல்லோரும் இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் தள்ளி இன்னொரு வரிசை. ரவியின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆமிக்காரர், "கொஹேத யன்னே?" என்று அதட்டியது தள்ளி நின்ற எனக்கும் கேட்டது. எங்கே போகிறாயாம்.

"சிந்து கியன்ன, மாத்தயா" என்றான் ரவி. பாட்டுப் பாட, ஐயா.

"எஹெனங் கியன்னகோ!" அப்படியானால் பாடு, பார்ப்போம்.

பயத்தில் அவனுக்கு ஒத்திகை பார்த்த சினிமாப் பாட்டு மறந்துவிட்டது. வாயில் வந்தது எங்கள் மலைப் பாட்டு.

"மேட்டுமலை மூடுபனி, எங்கிருக்க அக்கா?"

நான் யோசிக்கவேயில்லை. பெண்கள் வரிசையிலிருந்து குரல் தானாகப் போனது.

"கீழ்மலையில் பால் நெறையுது, இங்கிருக்கேன் தம்பி!"

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் விடியற்காலையில் பனி மூடினால் அடுத்த மரத்தடியில் நிற்பவர் தெரியாது. பன்றியும் பாம்பும் உள்ள காடு. அதனால் ஒருவர் ஓர் அடி பாடுவார், தூரத்தில் பால் வெட்டுகிறவர் பதில் அடி பாட வேண்டும். பதில் வராவிட்டால் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தேடி ஓடுவோம். அவன் கடை வேலைக்குப் போகும் வரை ரவியும் நானும் அப்படித்தான் பால் வெட்டினோம்.

ஆமிக்காரர் சிரித்துக்கொண்டே அட்டையைக் கொடுத்தார். என் கைப்பையைத் துழாவிய பெண் பொலிஸ் தலகுளி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னை விட்டாள்.

கொழும்புக் கோட்டையில் இறங்கினோம். போட்டி மண்டபம் இருந்த கொட்டாஞ்சேனைக்குத் திரீவீல் ஆட்டோ நூற்றைம்பது ரூபா கேட்டது, நூற்றிருபதுக்குப் படிந்தது. "பாட்டுக்குத்தானே? காலையிலேருந்து பட்டுச்சேலையாத்தான் ஏத்துறன்" என்றார் டிரைவர்.

மண்டபத்தில் எங்கள் முறை வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. மேடையில் ஒரே மைக். எதிரே மேசையில் மூன்று நடுவர்கள். நடுவில் கண்ணாடி போட்ட அம்மா. ரவியும் நானும் தோளோடு தோள் ஒட்டி நின்று சினிமாப் பாட்டைத் தொடங்கினோம். நான் வாயைத் திறந்ததும் பெட்டி கீச்சென்று அலறியது. சவுண்ட் பையன் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். மாரிமுத்து அண்ணன் சொன்ன அதே சத்தம்!

"மைக் இருக்கும்மா. மெதுவாப் பாடுங்க" என்றார் கண்ணாடி அம்மா.

மெதுவாகப் பாடினேன். குரல் சுரத்தில்லாமல் இழுத்தது. காதருகே பாடும் ரவியின் குரலோடு முட்டிக்கொண்டு இருவரும் தாளம் தவறினோம். "சரி, நன்றி..." என்று அந்த அம்மா பேனாவை எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. வீட்டில் அடுப்பங்கரையிலும் வாசலிலுமாக நின்று ஒத்திகை பார்த்த நாங்கள், இங்கே வந்து ஒட்டிக்கொண்டு நின்ற முட்டாள்தனத்தின்மேல்.

"அம்மா, நாங்க பக்கத்துல நின்னு பாடினதே இல்லீங்க. இவன் அந்தக் கதவுகிட்ட நிக்கட்டும், நான் இந்தச் செவரோரமா நிக்கிறேன். மைக்கு வேணாங்க. ஒரே ஒரு தடவ."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். "நில்லுங்க, பாப்போம்."

ரவி கதவுக்குப் போனான். காலையில் ரோட்டில் பாடினதையே பாடு என்று கையைக் காட்டினேன். அவன் எங்கிருக்க என்று கேட்டான். நான் இங்கிருக்கேன் என்றேன். மண்டபத்தின் கோடிக்குக் கோடி எங்கள் மலையில் பத்து மரத் தூரம்தான், ஆனால் குரலுக்கு நடக்க இடம் கிடைத்துவிட்டது. இரண்டாவது அடியில் அந்தச் சவுண்ட் பையன் ஓடிவந்து மைக்கைத் தூக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தான். காத்திருந்த சோடிகள் எல்லாம் ரவிக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள். நாலு அடி பாடி முடித்தோம். "இன்னொரு தடவ" என்றார் கண்ணாடி அம்மா. பாடினோம்.

"அடுத்த சுற்றுக்கு வாங்க. இதே மாதிரித்தான் நிக்கணும்" என்றார்.

சவுண்ட் பையன் கூப்பிட்டு, பதிவான பாட்டைப் போட்டு, ஹெட்போனை என் காதில் மாட்டினான். முப்பது வயதில் என் குரலை முதல்முறை வெளியிலிருந்து கேட்டேன். கத்தல் இல்லை. நன்றாக இருந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது. அங்கேயே அழுதேன், வெட்கப்படவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சீட் கிடைத்தும் ரவி உட்காரவில்லை, துள்ளிக்கொண்டே வந்தான். கொழும்பில் வீடுகளும் ஆட்களும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு அது சரிப்படுகிறது. எங்களுக்கு இடையில் ஒரு மலை வேண்டும்.

இருட்டும் நேரம் ருவான்வெல்லையில் இறங்கினோம். மாரிமுத்து அண்ணன் தன் சவுண்ட் செட் கடை வாசலிலேயே நின்றார்.

"என்னா லெட்சுமி, கொழும்பு மைக்கு கிழிஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. நான் செவரோரமா நின்னேன். மைக்குதான் எந்திரிச்சு நடுவுக்கு வந்து கேட்டுச்சு. எடுத்துட்டாங்க எங்கள."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப... ஆடித் திருவிழாவுக்குப் பாடுறியா?"

"பாடுறேன். நான் கோயில்லயும் ரவி டீக்கடைகிட்டயும் நிப்போம். ஒங்க மைக்க நடு ரோட்டுல வையுங்க."