ஐம்பத்தெட்டு

பசிபிக் கடலில், தோங்கா நாட்டின் அந்தச் சின்னத் தீவில் உடல்நலப் பாட வாத்தியார் செமிசி, எதையும் அளக்காமல் விடமாட்டார். அன்று மாணவர்களைக் கல்லறைக்கு அனுப்பினார். ஊரில் செத்த ஆண்களின் வயதையெல்லாம் எழுதிவந்து கூட்டி வகுத்தார்கள். சராசரி ஐம்பத்தெட்டு.

"அட, என் வயசு!" என்று சிரித்தார் செமிசி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசல் கொள்ளாமல் செருப்புகள். உள்ளே ஊரே உட்கார்ந்து தேவாலயப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மூலையில், சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் பாய்ச்சுருள்கள்.

"யாரு செத்தது?"

பாட்டு நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அக்கா மெலெனாய்ட்டே மூக்கைச் சிந்தினாள்.

"உன் கணக்கு முடிஞ்சுதாமே தம்பி. புள்ளைங்க வந்து சொல்லிச்சுங்க."

"ஐயோ அக்கா, அது சராசரி! நாளைக்கே சாவேன்னு அர்த்தமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மொதல்ல சாப்பிடு."

வாழையிலையில் கொழுப்பு வழியும் ஆட்டு விலாக்கறி, டின் மாட்டிறைச்சி, பக்கத்தில் சிவப்பு சோடா. ஆயுளைக் குறைப்பவை என்று காலையில் பலகையில் அவரே எழுதியவை, ஒன்று விடாமல்.

"உடம்புக்கு ஆகாதுக்கா."

"நான் சொல்றேன், சாப்பிடு."

அந்த ஊரில் அக்கா பேச்சைத் தட்டிய தம்பி இதுவரை பிறக்கவில்லை. செமிசி கறியை எடுத்து வாயில் வைத்தார். ஐம்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்பது, மெல்லும்போதுதான் விளங்கியது.