மார்கழியில் பாய்லருக்கு ஊற்றிய தண்ணீர்

என் மூத்த மகள் மார்கழியில், குறைமாதத்தில் பிறந்தாள். எனக்குத் தாய் இல்லாததால் திருத்தணியில் எங்கள் வீட்டிலேயே பிரசவம். பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரர் ஒருவர்தான். குழந்தைக்குப் பால் குடிக்கத் தெம்பில்லை. வாய்விட்டு அழவும் தெம்பில்லை. "தினமும் நல்ல சூட்டுல தண்ணி ஊத்தி, துணியில சுத்தி வைம்மா. உடம்பு சில்லிட்டா பொயைக்காது" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி போய்விட்டாள்.

வீட்டில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. நடுக்குழாயில் கரி போட்டால் சுற்றிலும் இருக்கும் தண்ணீர் காயும். அது உலகச் சண்டைக்காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸே கரியில் ஓடியதால் வீட்டுக்குக் கரி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு நாளைக்கு ஒரு முறம்தான். அத்தனையும் எரிந்து சாம்பலான பிறகும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. மூன்று நாள் இதே கதை. பாய்லர்தான் பழுது என்று அவர் அதைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்த்தார். எனக்கிருந்த ஆத்திரத்தில் அவரைத் தட்டலாம் போலிருந்தது. குழந்தையின் பாதம் சில்லென்று கிடந்தது.

நான்காம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். பஸ் மெக்கானிக் பாயின் மனைவி. முற்றத்து அண்டாவில் கை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னாண்ணே, இப்படி வெறைக்குது! எப்ப எடுத்த தண்ணி?"

"நேத்து சாயங்காலமே எடுத்துட்டேம்மா. கொயந்தைக்காச்சே, வண்டல் படியட்டும்னு விட்டேன்."

"நல்லா விட்டீங்க போங்க! ராவெல்லாம் பனியில கெடந்த தண்ணி. குளிரு போறதுக்கே கரி தீந்துபூடும், அப்பால எங்கேர்ந்து சுடும்? கெணத்துத் தண்ணிய தொட்டுப் பாருங்க."

என் வீட்டுக்காரர் ஒரு வாளி இறைத்தார். ஆவி பறந்தது. ஐயோ, மூன்று நாளாக இது எங்கள் காலடியிலேயே இருந்திருக்கிறது! அக்கா அதை வெள்ளைத்துணியில் வடிகட்டி பாய்லரில் ஊற்றினார். அதே ஒரு முறம் கரிதான். அது எரிந்து முடிவதற்குள் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. பச்சைத் தண்ணீர் விளாவ வேண்டியிருந்தது.

அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டி, சுற்றி என்னிடம் தந்தார். அந்தக் கைக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தீராது. சற்று நேரத்தில் குழந்தையின் வாய் பாலைத் தேடியது. நாலு மடக்கு குடித்தாள். மார்பு நழுவியதும் வீடே அதிர வீறிட்டாள்.

கிணற்றடியிலிருந்து அவர் வாளியும் கையுமாக ஓடி வந்தார். "இன்னா ஆச்சி? கொயந்தைக்கு இன்னா ஆச்சி?"

நான் அழுதுகொண்டே குழந்தையை மறுபடி மார்பில் சேர்த்தேன். அக்காதான் சொன்னார்: "ஒண்ணுமில்லண்ணே. உங்க பொண்ணுக்குப் பசிக்குதாம்."