அட்டையில் எழுதாத நோய்

அந்தத் தையல்காரிக்கு வாரத்தில் இரண்டு நாள் நோயாளி வேலை. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நோயாளியிடம் பேசிப் பழகுவதற்காக அவளை நோயாளியாக நடிக்க உட்காரவைப்பார்கள். காலையில் கையில் ஒரு அட்டை வரும். என்ன வியாதி, எதைத் தானாகச் சொல்லலாம், எதைக் கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அவள் முனக ஆரம்பித்தால் நிஜ நோயாளியே தோற்றுப்போவான். "இன்னைக்கு என்ன நோயி?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "இன்னைக்கு நெஞ்சு வலி, நாளைக்கு லீவு" என்பாள் அவளும் சளைக்காமல்.

அன்று தேர்வு. வயிற்றுவலி அட்டை. அதன்படி, அம்மா புற்றுநோயில் போனாள், தனக்கும் அதுவோ என்ற பயம். அதைக் கேட்டால்தான் சொல்ல வேண்டும். ஐந்து பேர் வந்து கேள்விகளை மடமடவென்று ஒப்பித்துவிட்டுப் போனார்கள். ஆறாவதாக வந்த பெண்ணுக்குப் பாதி மறந்துபோயிருந்தது. பேந்தப் பேந்த விழித்தவள், நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாம மனசுல வெச்சிருக்கிற பயம் ஏதாவது இருக்கா அக்கா?" என்றாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய வாய், "கை மரத்துப் போகுதும்மா" என்றது. "காலையில விரலே என்னுது இல்லாத மாதிரி இருக்கு. ஊசி நழுவுது. தைக்க முடியாமப் போயிட்டா என்ன பண்ணுவேன்னு..."

மாணவி தான் குறிப்பெடுத்த காகிதத்தைப் பார்த்தாள். "இது அட்டையில இருக்கறதா, உங்களுக்கே இருக்கறதா?"

"எனக்கேதான்."

அதற்குப்பிறகு வயிற்றை மாணவி மறந்தே போனாள். கையைப் பிடித்துக்கொண்டு எந்த விரல், எப்போதிருந்து என்று விசாரித்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாணவி தேறவில்லை. அதைக் கேள்விப்பட்டதும் தையல்காரி நேராகப் பேராசிரியரிடம் போனாள். "தப்பு என்னுது சார். நான்தான் அட்டையை விட்டுட்டு என் கதையைப் பேசினேன்."

அவர் அவளுடைய மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். "எத்தனை மாசமா?"

"ஏழு."

நரம்பு நசுங்கியிருந்தது, சின்ன அறுவை சிகிச்சை போதும் என்றார்கள். மாணவி வேறொரு நோயாளியை வைத்து நடந்த மறுதேர்வில் தேறினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"சொன்னா மெஷினைத் தூக்கி ஓரமா வெச்சிருவீங்க."

அறுவை சிகிச்சை முடிந்தது. கைக்கட்டு அவிழ்க்கும்வரை துணி வெட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். எல்லாம் கோணல்மாணல். அவள் இடது கையால் சாக்கட்டியை எடுத்து, அடுத்த துணியில் கோடு போட்டுக் கொடுத்தாள்.